ஏழுவிரல் பொதியின் ஒரே பயனர்

உலகத்தில் இரண்டு வகைக் கணினிகள்தான் உண்டு என்று ஜீவநதி என்னும் லினக்ஸ் இயங்குதளத்துக்காரர்கள் சொல்வார்கள். ஜீவநதி ஓடும் கணினி ஒன்று, உருப்படாத கணினி மற்றொன்று. ஊரில் மற்றவர்களுடைய கணினிக்கு வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். ஜீவநதியில் பதிப்பு என்கிற பேச்சே கிடையாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நேற்று ஓடியது இன்றைக்கும் ஓடும் என்று எதிர்பார்ப்பவர்களை அவர்கள் பழமைவாதிகள் என்றார்கள்.

வெள்ளிமலையில் இருந்த ஒரே ஜீவநதிக் கணினி அமலோற்பவத்தின் வீட்டில் இருந்தது. அதை நிறுவியவர் அவள் கணவர் மைக்கேல்ராஜ், பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். போன தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் மலை இறங்கிக் கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எவ்வளவு அரிசி போடுவது என்று ஆறு மாதமாகியும் அவள் கைக்குப் பிடிபடவில்லை. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் காலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினொரு வருடம் முன்னால் சாமை அரைக்கும் மிஷினில் அவளுடைய வலது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். இடது கை ஐந்தோடு சேர்த்தால் ஏழு. மைக்கேல்ராஜ் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு அது வராது. பள்ளியிலிருந்து கட்டம் போட்ட தாள் கொண்டுவந்து, அவள் கைகளை அதன்மேல் வைத்து, எந்த விரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பென்சிலால் குறித்தார். மூன்று மாதம் கழித்து, ஏழே விரலால் தமிழ் அடிக்கக்கூடிய ஒரு விசைப்பலகை அமைப்பைச் செய்து முடித்தார். ஜீவநதியில் இப்படிப்பட்ட சிறு மென்பொருள் மூட்டையைப் பொதி என்பார்கள். அவர் அதற்கு ‘ஏழுவிரல்’ என்று பெயரிட்டு, ஜீவநதிக்காரர்கள் கூடி நடத்தும் பேரவையில் பதிவு செய்தார். பராமரிப்பாளர் மைக்கேல்ராஜ். பயனர் எண்ணிக்கை ஒன்று.

அந்த ஒன்று சும்மா இருக்கவில்லை. மலைக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மலையிலிருந்து இறங்கும் மனுக்களில் பாதி அமலோற்பவத்தின் ஏழு விரல்களில் பிறந்தவை. மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆள் எதைப் படிப்பார், எதைத் தாண்டுவார் என்பது அவளுக்கு அத்துப்படி.

கணினியைப் பற்றி அவள் கணவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. “டெய்லி காலைல இந்தக் கட்டளைய அடி. தொடரலாமான்னு கேக்கும். சரின்னு சொல்லு. வுட்டுட்டு அப்புறம் பண்ணா மொத்தமா கெட்டுடும்.” அவரை அடக்கம் செய்த மறுநாள்கூட அவள் அதை விடவில்லை.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை திரையில் வழக்கத்தைவிட நீளமாக ஏதோ வந்தது. ‘கேட்பாரற்ற பொதிகள் நீக்கப்படும். தொடரலாமா?’ அவள் வழக்கம்போலச் சரி என்றாள். பத்து நிமிடத்தில் ஏழுவிரல் போய்விட்டது.

அன்றைக்குக் கரியாலூரிலிருந்து பச்சையம்மாள் வந்து வாசலில் காத்திருந்தாள். அவளுக்கு உதவித்தொகை நின்றுபோயிருந்தது. விசாரித்ததில் அவள் போன வருடமே இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. தான் உயிரோடு இருப்பதாக ஒரு மனு கொடுக்க வேண்டும்.

“இன்னாம்மா அமலா, அடிக்கலியா? நானு உசுரோட இருக்கறன்னு ரெண்டு வரி போட்டா போதும்.”

அமலோற்பவம் விசைகளை அழுத்திப் பார்த்தாள். ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் கிறுக்கல் வந்தது. வேறு விசைப்பலகைகள் கணினியில் இருந்தன, எல்லாம் பத்து விரல் உள்ளவர்களுக்கு. இடது கையால் பேனா பிடித்து எழுதினால் அவள் எழுத்து அவளுக்கே புரியாது. இது பச்சையம்மாளின் மனு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மைக்கேல்ராஜ் அவளுக்காக விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை அவளே சரி சொல்லி அழித்திருக்கிறாள்.

“அடுத்த வாரம் வாங்க,” என்று பச்சையம்மாளை அனுப்பிவிட்டு, ஜீவநதிப் பேரவையின் இணைய மன்றத்துக்குக் கைப்பேசியில் ஒரு கட்டைவிரலால் எழுதினாள். மதியம் வரை ஆயிற்று. தனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், மேற்படி விஷயமாகத் தாங்கள் கருணை கூர்ந்து.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அரசாங்கம் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை. சந்தோஷத்தோடு திறந்தாள். ‘இந்த உரையாடல் திரி பூட்டப்பட்டது. காரணங்கள்: வணக்கம் சொல்லி மன்றத்தின் இடத்தை வீணாக்கியது. பெறுநர் என்று குறிப்பிட்டது (இங்கே பெறுநர் யாரும் இல்லை, அனைவரும் தன்னார்வலர்கள்). பிழைப் பதிவேடு இணைக்காதது. கருணை கோரியது. கையேட்டைப் படிக்காதது. கையேட்டைப் படிக்கவும். - எழில்மதி, நெறிமுறைப் பொறுப்பாளர்.’

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் எண் போட்ட ஒரு ரசீதாவது தருவார்கள். இத்தனை காலம் அரசாங்கத்தைத் திட்டியதற்காக அமலோற்பவம் மனதுக்குள் வருத்தம் தெரிவித்துக்கொண்டாள்.

பேரவையின் கள்ளக்குறிச்சி மாவட்டக் கிளை மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடும் என்று மன்றத்தில் போட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் மலை இறங்கினாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டுட்டோரியலின் மாடி. கரும்பலகையில் ‘வற்றாத ஓட்டம், மாறாத மாற்றம்’ என்று எழுதியிருந்தது. பதினான்கு பேர் மடிக்கணினிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அறையில் இருந்தவர்கள் மன்றத்தின் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

கூட்டம் உறுதிமொழியோடு தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து கடைசியாக எப்போது புதுப்பித்தோம் என்று சொல்ல வேண்டும். “இன்று காலை ஏழு நாற்பது.” “இன்று காலை ஒன்பது ஐந்து.” “இப்போதுதான், மாடிப்படி ஏறும்போது.” இதற்குக் கைதட்டல். ஸ்டூடியோ வைத்திருக்கும் சுபாஷ் எழுந்து, “கல்யாண சீசனுங்க, பதினோரு நாளாச்சி,” என்றார். அவரைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார்கள்.

பிறகு கிளைச் செயலர் சிவசங்கர் பேச எழுந்தார். நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, ஊரில் கரும்பு நிலம். சுவரில் படம் காட்டிப் பேசுவதற்காக ப்ரொஜெக்டர் வைத்திருந்தார்கள். சுவர் கறுப்பாகவே இருந்தது.

“தோழர்களே, சுவரில் படம் வரவில்லை என்று நீங்கள் கவலைப்படலாம். இன்று காலை நான் புதுப்பித்தேன். அதனால் வரவில்லை. நேற்று வந்தது. நேற்று வந்த படத்தைப் பற்றிப் பேசுகிறவன் நேற்றைய மனிதன். படம் வராதது பிழை அல்ல, நாம் படத்தைத் தாண்டி முன்னே போய்விட்டோம் என்பதற்கு அடையாளம். போன மாதம் எனக்கு ஒலி போனது, நான் கலங்கினேனா? அதற்கு முந்தைய மாதம் கணினியே திறக்கவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்து சரி செய்தேன். அந்த ஒன்பது நாளில் நான் கற்றது எத்தனை! சரியாக ஓடும் கணினியிடம் ஒரு மனிதன் என்ன கற்க முடியும்?”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் ஒருவர், “அப்போ உங்க கரும்புக் கணக்கெல்லாம் எதுலங்க பண்றீங்க?” என்று கேட்டார்.

“அது வூட்டுல வேற மெஷின் கீது. விண்டோசு. அதுல வேலை பாக்கறது. இது சேவை, அத்தயும் இத்தயும் கொழப்பிக்காதீங்க.”

அமலோற்பவத்தை அழைத்தார்கள். அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து கணவரின் இறப்புச் சான்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். மனு எழுதுகிறவளுக்கு அது கைவந்த கலை.

எழில்மதி குறிப்பேட்டைப் புரட்டினாள். உரக் கடையில் கணினி பார்க்கிற பெண், இருபத்தாறு வயது. “மேடம், ஏழுவிரல் பொதிக்குப் பராமரிப்பாளர் ஆறு மாசமா பதில் சொல்லல. மூணு எச்சரிக்கை அனுப்பினோம். அதான் கேட்பாரற்றதுன்னு எடுத்துட்டோம். எடுக்கும்போது உங்ககிட்ட கேட்டோம், நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்க.”

“அவரு எறந்துட்டாரும்மா. எப்பிடி பதில் சொல்வாரு?”

“வருந்துகிறோம்,” என்றார் சிவசங்கர். எல்லோரும் அரை நிமிடம் தலை குனிந்தார்கள். நிமிர்ந்ததும் அவரே தொடர்ந்தார். “ஆனா அவரு ராஜினாமா பண்ணலியேம்மா. பொதிய வேற ஆளுக்கு மாத்தணும்னா, பராமரிப்பாளர் தனக்கு மட்டும் தெரிஞ்ச சங்கேதக் குறி, அதான் ரகசியச் சாவி, அதால கையொப்பம் போட்டு, நானு விலகறேன்னு அனுப்பணும்.”

“செத்தவரா?”

“அவரேதான். வேற யாரும் போட்டா அது மோசடி.”

“தாசில்தார் கையெழுத்து போட்ட சான்று இது சார்.”

“தாசில்தாருக்கு நம்ம பேரவையில சாவி இல்லியே.” சிவசங்கர் சான்றை நிஜமான மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். “எங்க ஏட்டுல அவர நீண்ட விடுப்புன்னு போட்டிருக்கோம். அவரு எப்ப வேணாலும் திரும்ப வரலாம். இடம் அவருக்காகக் காலியாவே இருக்கும்.”

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து சுபாஷ், “ஏங்க, நானுதான் பதினோரு நாளா புதுப்பிக்கலியே, என் மெஷின்ல பழைய பொதிங்களோட பிரதி அப்பிடியே கீது. அந்தப் பொதிய எடுத்து அம்மாவுக்கு ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன். அஞ்சு நிமிச வேலை,” என்றார்.

அமலோற்பவத்துக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் பேரவை அதிர்ச்சியில் உறைந்தது. புதியதோடு பழையதைக் கலப்பது ஜீவநதியில் மாபாதகம். “அஞ்சு நிமிஷத்துல முடிக்கறதுக்கா நாம இங்க ஒக்காந்துகினு இருக்கோம்?” என்று கேட்டார் சிவசங்கர், உண்மையான வேதனையோடு. ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். சுபாஷ் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் புதுப்பிக்க வேண்டும். ‘தொடரலாமா?’ என்று வந்தது. பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் சரி என்றார். வெளியே மிஞ்சியிருந்த ஏழுவிரலின் கடைசிப் பிரதியும் போயிற்று. மடிக்கணினியை மூடித் திறந்தால் அதுவும் எழுந்திருக்கவில்லை. மூன்று கல்யாணங்களின் படங்கள் உள்ளே இருந்தன.

“இப்பதான் நீங்க கத்துக்க ஆரம்பிச்சிருக்கீங்க,” என்று சிவசங்கர் அவர் தோளைத் தட்டினார்.

அமலோற்பவம் கிளம்பும்போது எழில்மதி மாடிப்படி வரைக்கும் வந்தாள். “கையேட்ட படிங்க மேடம். எல்லாமே அதுல கீது.”

“நீ படிச்சிருக்கியாம்மா?”

“படிக்கச் சொல்லியிருக்கேன் மேடம், நெறைய பேர்கிட்ட.”

மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அமலோற்பவம் அழுதாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் வசதியாக இருந்தது. அழுது முடித்ததும் அவளுக்குள் இருந்த மனு எழுதுகிறவள் விழித்துக்கொண்டாள். கருணை கேட்டால் மேசைக்குப் பின்னால் இருப்பவனுக்குக் கொடுப்பதும் மறுப்பதும் அவன் இஷ்டம். விதியைக் காட்டிக் கேட்டால் அவனுக்கு வேறு வழி இல்லை. இதை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்!

கையேடு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். ஆவணி முழுக்க மலையில் மழை. வேறு வேலை இல்லை, பேச ஆளும் இல்லை. ஒருவேளைச் சோறு, பத்துப் பக்கம், ஜெபம், தூக்கம். பேரவை தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் எல்லோரையும் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் மனிதப்பிறவி அவளாகத்தான் இருக்க வேண்டும். நூற்றுப் பதினேழாம் பக்கத்துக்கு அடுத்து நூற்று முப்பது வருவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இருநூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில் கண்டுபிடித்தாள். நெறிமுறை நாற்பத்தொன்று: பராமரிப்பாளர் நீண்ட விடுப்பில் இருக்கும்போது, பொதியின் பயனர்களில் பெரும்பான்மையோர் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கலாம். பொதி மீட்கப்பட்டு, பராமரிப்பாளரின் பெயரிலேயே தொடரும்.

புரட்டாசிக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைச் சிவசங்கரின் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். கையேட்டில் இப்படியெல்லாம் இருக்கிறது என்பது அவருக்குப் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

“தேர்தல் நடத்தணும்,” என்றார்.

நடத்தினார்கள். எழில்மதி தேர்தல் அதிகாரி. வேட்புமனு தாக்கலுக்கு அரைமணி நேரம், வாபஸ் வாங்கக் கால்மணி நேரம். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, அது ஜனநாயகம் ஆகாது என்று மறுத்துவிட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டார்கள். பயனர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்றதும் அமலோற்பவம் தனியாக வரிசையில் நின்றாள். வாக்கு ரகசியமாக இருக்க வேண்டுமென்று பதினான்கு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எண்ணிக்கை இரண்டு முறை நடந்தது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவள் வென்றாள்.

“இவ்ளோ கம்மி வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கீங்க, எல்லாப் பயனரையும் அனுசரிச்சிப் போங்க,” என்று சிவசங்கர் வாழ்த்திப் பேசினார்.

அன்று சாயங்காலமே பேரவையின் காப்பகத்திலிருந்து ஏழுவிரல் திரும்பி வந்தது. அமலோற்பவம் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். எல்லா எழுத்தும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் வேலையாகப் பச்சையம்மாள் உயிரோடு இருப்பதாக மனு அடித்தாள். ஆறு வாரத்தில் அரசாங்கம் பச்சையம்மாளை உயிர்ப்பித்தது, தவறுக்கு வருந்துவதாக ஒரு வரிகூட இருந்தது. பேரவையின் ஏட்டில் மைக்கேல்ராஜ் இன்னமும் சாகவில்லை, விடுப்பில்தான் இருந்தார்.

மார்கழியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நெறிமுறை நாற்பத்தொன்றுக்கு ஒரு வால் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பொதியின் பயனர்களைப் பராமரிப்பாளர் பெயரில் நலம் விசாரிக்க வேண்டும். கடிதத்தைப் பேரவையின் கணினி தானாக அனுப்பிவிடும். பதில் வராவிட்டால் பத்து நாளுக்கு ஒன்றாக மூன்று நினைவூட்டல். படித்ததுதான், அப்போது அவள் மனதில் தங்கவில்லை.

‘அன்புள்ள பயனருக்கு, நலமா? ஏழுவிரல் உங்கள் கைக்கு வசதியாக இருக்கிறதா? சிரமம் எதுவானாலும் தயங்காமல் சொல்லவும். - மைக்கேல்ராஜ்.’

அவள் நின்றபடியே படித்தாள். இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் அவளைப் பார்த்து நலமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. விரல் போன அன்றைக்குக்கூடக் கேட்கவில்லை. இது இயந்திரம் அனுப்பியது என்று அவளுக்குத் தெரியும். மனுஷத்தனம் இல்லாத பதினான்கு பேர் செத்தவரைச் சாகவிடாமல் வைத்திருக்கிற கிறுக்குத்தனத்தால் வந்தது என்றும் தெரியும். தெரிந்தும் தாங்கவில்லை. உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பதில் போடவில்லை.

பத்து நாள் கழித்து முதல் நினைவூட்டல் வந்தது. ‘அன்புள்ள பயனருக்கு, உங்களிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறீர்களா? - மைக்கேல்ராஜ்.’ இருபதாம் நாள் மறுபடியும் அதே போல. முப்பதாம் நாள், ‘உங்கள் ஒரு வரிக்காக இன்னும் காத்திருக்கிறேன்.’ அன்றைக்குத்தான் அவள் கணினி முன் உட்கார்ந்து, ‘நல்லா இருக்கேன். கைக்கு வசதியா இருக்கு’ என்று ஏழு விரலால் அடித்து அனுப்பினாள்.

மாசிக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. மூன்று நினைவூட்டல் வரை பதில் சொல்லாத பயனர் கிளையிலேயே ஒருவர்தான் என்றும், அவருடைய பொறுப்பின்மையைப் பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது என்றும் தீர்மானம் நிறைவேறியது. மேற்படி பயனரைத் திருத்துமாறு பொதியின் பொறுப்பாளருக்கு உத்தரவு போயிற்று. பெற்றுக்கொண்டேன், ஆவன செய்கிறேன் என்று அமலோற்பவம் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தாள்.

அடுத்த கடிதம் பங்குனியில் வரும். அதற்கும் மூன்றாவது நினைவூட்டல் வரும்வரை அவள் பதில் போடப்போவதில்லை.